வேம்பனுக்கு நாங்கள் விருது கொடுத்த விதம்

போன மாதம் ஒரு பெண் பிள்ளை ஃபோன் செய்தாள். நான் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த சங்கத்தை இப்போது அவள்தான் நடத்துகிறாள். பத்திரிகைச் சுதந்திரத்துக்குக் குரல் கொடுப்பது, துணிச்சலாக எழுதுகிறவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை விருது கொடுப்பது, இரண்டும்தான் அந்தச் சங்கத்தின் வேலை. இதுவரை விருது வாங்கியவர்களைப் பற்றி ஒரு மலர் போடப்போகிறார்களாம்.

"ஆன்டி, லிஸ்ட்டுல ஒரு வருஷத்துக்கு மட்டும் பேருக்குப் பக்கத்துல 'மீட்டுக்கொள்ளப்பட்டது'ன்னு இருக்கு. ஏன்னு தெரியுமா? இல்லாட்டி அந்த வருஷத்த விட்டுடலாமா?"

விட வேண்டாம், நானே எழுதித் தருகிறேன் என்றேன். "ரெண்டு பாரா போதும் ஆன்டி" என்றாள். இரண்டு பாராவில் அடங்குகிற சமாச்சாரமாக இருந்திருந்தால் அதை நான் இத்தனை வருடம் வாய்க்குள் போட்டு மென்றுகொண்டிருக்க மாட்டேன். சம்பந்தப்பட்ட இரண்டு ஆண்களும் இப்போது உயிரோடு இல்லை. ஒருவருடைய மனைவி கிள்ளானில் இருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டேன். "எழுதுங்கக்கா, இனிமே யாரு வந்து அவர வேலைய விட்டுத் தூக்கப்போறா" என்றார்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் பாரம் முடித்தேன், டைப்பிங்கும் சுருக்கெழுத்தும் படித்தேன், ஒரு வக்கீல் ஆபீசில் ஐந்து வருடம் திட்டு வாங்கினேன். எழுபதுகளின் நடுவில் சங்கத்துக்கு வந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தையல் கடையின் மாடியில் ஓர் அறை, இரண்டு மேசை, ஒரு டைப்ரைட்டர். செயற்குழுவில் பதினொரு பேர் இருந்தார்கள். சம்பளம் வாங்கிய ஒரே ஆள் நான்.

சுதந்திரத்தைக் காக்கிற இடம் என்றால் ஏதோ பெரிதாக இருக்கும் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். வந்து பார்த்தால் முக்கால்வாசி வேலை அனுமதி கேட்பது. சங்கம் பதிவில் இருக்க வருடாவருடம் கணக்கும் பெயர்ப் பட்டியலும் அனுப்ப வேண்டும். எங்கள் எட்டுப் பக்கச் செய்திமடலை அச்சடிக்க வருடாவருடம் பெர்மிட். நாலு பேர் கூடி மேடையில் பேச போலீஸ் பெர்மிட். ஒரு தடவை அச்சு பெர்மிட் முறையே தப்பு என்று செய்திமடலில் காரசாரமாக ஒரு கட்டுரை போட்டோம். பெர்மிட்டைப் புதுப்பிக்கும் விண்ணப்பப் பாரத்தோடு சமீபத்திய இதழ் ஒன்றை இணைக்க வேண்டும் என்று அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின மாதத்து இதழை இணைத்து அனுப்பினோம். அதில் அட்டையில் ஒரு தேநீர் விருந்துப் படம் இருந்தது.

கௌரவச் செயலாளர் மிஸ்டர் அம்பலவாணர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிறந்தது இங்கேதான். ரயில்வேயில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்ததால் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். வீட்டில் பேசுகிற யாழ்ப்பாணத் தமிழ் மட்டும் தண்ணீராக வரும். முழுக்கை வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனாக்கள், கையில் ஒரு பென்சில். காலை எட்டு ஐம்பதுக்கு மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்கும். கீழே இருக்கிற தையல்காரர் அதை வைத்துத்தான் கடிகாரத்தைத் திருத்துவார்.

நான் டைப் அடித்துக் கொடுக்கிற பாரத்தை அவர் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிப்பார். "முதல் பக்கத்தில ஆரும் பிழை விடமாட்டினம். களைச்சுப் போன இடத்திலதான் பிழை வரும்" என்பார். ஒவ்வொரு கட்டத்துக்கும் பென்சிலால் ஒரு சின்ன டிக். காலியாக ஒரு கட்டம் இருந்துவிட்டால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, ஒரு வார்த்தை பேசாமல் என் மேசைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். ரயில்வேயில் அவர் கையெழுத்துப் போட்ட ஒரு பாரத்தில் விட்டுப்போன கட்டத்தில் பிற்பாடு யாரோ எதையோ எழுதி, அவர் ஒரு வருடம் விசாரணைக்கு அலைந்திருக்கிறார். அன்றிலிருந்து காலிக் கட்டம் என்றால் அவருக்கு ஆகாது. பத்து வருடத்தில் எனக்கும் அந்த வியாதி தொற்றிவிட்டது. மளிகைக் கடையில் குலுக்கல் சீட்டு கொடுத்தால்கூட எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டுத்தான் மூச்சு விடுவேன்.

எதிர்ப்புத் தெரிவிப்பதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. ஒரு நிருபரை மிரட்டினால் 'கவலை'. ஒரு பத்திரிகைக்குப் பெர்மிட் தாமதமானால் 'ஆழ்ந்த கவலை'. பத்திரிகையையே மூடிவிட்டால் 'வருத்தத்துடன் கூடிய ஆழ்ந்த கவலை'. 'கண்டிக்கிறோம்' என்ற சொல்லை ஒரு தடவை ஒரு வக்கீல் முன்மொழிந்தார். நான்கு மணி நேரம் விவாதித்தார்கள். நான் வாங்கிவைத்த வடை ஆறிப்போனதுதான் மிச்சம். 'கவலை'யே நிறைவேறியது.

விருதும் அப்படித்தான். வேலையில் இருக்கிறவருக்குக் கொடுத்தால் அவருக்குச் சங்கடம், முதலாளிக்குச் சங்கடம், எங்களுக்கும் சங்கடம். அதனால் ஓய்வு பெற்றவராகப் பார்த்துக் கொடுத்தோம். ஒரு வருடம் விருது வாங்கியவர் கடைசியாக எழுதி இருபது வருடம் ஆகியிருந்தது. தான் எதற்காகத் துணிந்தேன் என்று அவருக்கே மறந்துவிட்டது. மேடையில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டுத்தான் பேசினார்.

இந்த நிலைமையில்தான், எண்பதுகளின் நடுவில், வேம்பன் வந்தார்.

ஒரு தமிழ் நாளிதழில் 'வேம்பன்' என்ற புனைபெயரில் ஒருவர் கிள்ளானிலிருந்து எழுதிவந்தார். அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த குடும்பங்களுக்கு மாற்று வீடு தருவதாகச் சொன்னார்கள், தரவில்லை. தானாகக் காலிசெய்து போகட்டும் என்று தண்ணீர்க் குழாயை வெட்டினார்கள். வேம்பன் வாராவாரம் எழுதினார். கத்தவில்லை, யாரையும் வையவில்லை. எந்த வீட்டில் எத்தனை வாளி, யார் எவ்வளவு தூரம் போய்த் தண்ணீர் தூக்குகிறார்கள் என்று மட்டும் எழுதினார். ஆறாவது வாரம் குழாயில் தண்ணீர் வந்தது. சங்கத்தில் சேர்ந்த பத்து வருடத்தில் எழுத்தால் ஒரு காரியம் நடந்ததை நான் கண்ணால் கண்டது அதுதான் முதல் தடவை.

விருதை அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று செயற்குழுவில் ஒவ்வொருவரையும் பிடித்துப் பேசியது நான்தான். டைப்பிஸ்டுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். கடைசியில் சரி என்றார்கள். பத்திரிகை ஆசிரியர் வேம்பனின் முகவரியை எனக்கு மட்டும், யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கொடுத்தார்.

பஸ் பிடித்துக் கிள்ளானுக்குப் போனேன். அரசாங்கக் குவாட்டர்ஸில் கடைசி வீடு. ஒல்லியாக ஒரு மனிதர், பெயர் லெட்சுமணன், ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிராணி. மூன்று பெண் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி மைலோ கலக்கிக் கொடுத்தார்.

"விருதெல்லாம் வேணாம் லா அக்கா" என்றார் லெட்சுமணன். "நான் கவர்மென்ட் சர்வன்ட். பேப்பர்ல எழுதுறதுக்கு எனக்கு பெர்மிஷன் கிடையாது. தெரிஞ்சா வேலை போயிரும். வேலை போனா இந்த வீடும் போயிரும்."

அதோடு நான் எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. பேர் வெளியே வராது, வேம்பன் சார்பில் ஆசிரியர் மேடையேறி வாங்கிக்கொள்வார், நீங்கள் விருந்தாளி மாதிரி ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று ஒரு மணி நேரம் அவர் உயிரை வாங்கினேன். கடைசியில் மனிதர் வெட்கத்தோடு சிரித்தார்.

"நான் எழுதுனதுக்கு ஆளுங்க கைதட்டுனா எப்பிடி இருக்கும்னு ஒரு தடவ கேக்கணும் போலத்தான் இருக்கு."

அவர் மனைவி என்னைப் பார்த்து, "பேர் வெளிய வராதுல்ல அக்கா?" என்றார்.

"நான் கியாரண்டி" என்றேன்.

விருது விருந்துக்குப் போலீஸ் பெர்மிட் கேட்கும் பாரம் மலாயில், நான்கு பிரதி. யார் பேசுவார், எதைப் பற்றிப் பேசுவார், எத்தனை பேர் வருவார்கள். ஒன்பதாவது கட்டத்தில் கௌரவிக்கப்படுபவரின் முழுப் பெயர், அடையாளக் கார்டு எண், தொழில். நான் 'வேம்பன், எழுத்தாளர்' என்று அடித்து, எண்ணுக்கு இடம் விட்டிருந்தேன். மிஸ்டர் அம்பலவாணர் கடைசிப் பக்கத்திலிருந்து டிக் போட்டுக்கொண்டே வந்தார். ஒன்பதில் பென்சில் நின்றது. வட்டம் போட்டார்.

"சார், அது புனைபெயர். நிஜப் பேர் ரகசியம். உங்களுக்குக்கூடச் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"எனக்குச் சொல்லவேண்டாம், பிள்ளை. சத்தியம் சத்தியம்தான். நான் பார்க்கவும் மாட்டன். நீ கட்டத்தை நிரப்பு."

இருவருக்கும் அது நியாயமாகப் பட்டது. இன்றைக்கு நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது, அன்றைக்குத் தோன்றவில்லை. பேர் வெளியே வரக்கூடாது என்றால் பேப்பரில் வரக்கூடாது, மேடையில் வரக்கூடாது என்றுதான் என் மண்டைக்கு எட்டியது. பாரம் என்பது வெளியே இல்லை, அது ஆபீஸ் காரியம். பத்திரிகை ஆபீஸில் எழுதுகிறவர்களுக்குப் பணம் அனுப்புகிற பையனுக்கு ஃபோன் செய்து அடையாளக் கார்டு எண்ணைக்கூட வாங்கினேன். 'லெட்சுமணன், அரசாங்கக் கிராணி' என்று மூன்று கார்பன் வைத்து, நான்கு பிரதியிலும் தெளிவாக விழும்படி அழுத்தி அடித்தேன். மிஸ்டர் அம்பலவாணர் சொன்ன சொல் தவறாதவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நான்கிலும் கையெழுத்துப் போட்டார். நானே கொண்டுபோய் ஸ்டேஷனில் கொடுத்துச் சீல் வாங்கிவந்தேன்.

விருந்து பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மண்டபத்தில். லெட்சுமணன் இரவல் கோட்டில் வந்திருந்தார், மனைவியும் வந்திருந்தார். வேம்பன் என்ற பெயரை மேடையில் சொன்னதும் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். அவரும் எழுந்து தட்டினார், தனக்கே தட்டுகிறோம் என்று தெரியாதவர் மாதிரி. கண் மட்டும் கலங்கியிருந்தது. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

பின்வரிசை மேசையில் சாதாரண உடையில் மூன்று அதிகாரிகள் இருந்தார்கள். எங்கள் விருந்து ஒவ்வொன்றுக்கும் வருவார்கள், பிரியாணியை ரசித்துச் சாப்பிடுவார்கள். புறப்படும்போது அதில் ஒருவர் லெட்சுமணன் மேசைக்குப் போய்க் கையை நீட்டி, மலாயில் மரியாதையாகச் சொன்னார்.

"வாழ்த்துகள், திரு. லெட்சுமணன். உங்கள் கட்டுரைகளை எனக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். நல்ல எழுத்து."

இரண்டு மேசை தள்ளி நின்ற எனக்குக் கேட்டது. லெட்சுமணன் கையைக் கொடுத்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. எப்படி என்று மட்டும் கேட்கிற பார்வை. நான் ஒன்பதாவது கட்டத்தை நினைத்தேன்.

இரண்டு வாரத்தில் அவருக்கு அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. 'வேம்பன் என்ற பெயரில் எழுதுபவர் நீங்கள்தானா?' ஆதாரமாக எங்கள் பாரத்தின் பிரதி ஒன்றை இணைத்திருந்தார்கள். சனிக்கிழமை மாடியேறி வந்து அதை என் மேசையில் வைத்தார்.

"ரொம்பத் தெளிவா அடிச்சிருக்கீங்க அக்கா" என்றார்.

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றுகிற நிலைமை ஆகிவிட்டது.

"அவங்ககிட்ட இருக்குறது இது ஒண்ணுதான். எடிட்டர் வாயத் திறக்க மாட்டாரு. தப்பா அடிச்சிட்டோம், வேம்பன் வேற ஆளுன்னு சங்கம் ஒரு லெட்டர் குடுத்தா நான் தப்பிச்சுருவேன். பதினாலு நாள் டைம் குடுத்திருக்காங்க."

மிஸ்டர் அம்பலவாணர் அந்தப் பிரதியைக் கையில் வாங்கி, கண்ணாடி போட்டு, முதல் தடவையாக ஒன்பதாவது கட்டத்தை வாசித்தார்.

"பொய் எழுதித் தரச் சொல்லுறியள்" என்றார்.

"ஆமா சார்."

"அப்ப வேம்பன் ஆர் எண்டு கேப்பினமே?"

மிஸ்டர் அம்பலவாணரே, யோசிக்க மூன்று நாள் வேண்டும் என்று லெட்சுமணனை அனுப்பிவைத்தார்.

மூன்றாவது நாள் எட்டு ஐம்பதுக்கு வந்தவர் உட்காரவில்லை. "பேப்பர் ஏத்து, பிள்ளை" என்றார். நின்றபடியே சொல்லச் சொல்ல இங்கிலீஷில் அடித்தேன். ஒன்பதாவது கட்டத்தில் உள்ள பெயர் தவறு. அது விருந்தினர் ஒருவருடையது. வேம்பன் என்ற பெயரில் எழுதிவருபவன் கீழே கையெழுத்திட்டுள்ள நானே. நான் செயலாளராக இருக்கும் சங்கத்தின் விருதை நானே பெறுவதற்கு வெட்கப்பட்டு, வேறொருவர் பெயரைப் போடச் செய்தேன்.

என் விரல் நின்றுவிட்டது. "சார், இது தெரிஞ்சா நம்ம ஆளுங்களே உங்களைக் காறித் துப்புவாங்க."

"துப்பட்டும். எனக்குப் பென்ஷன் வருது, ரயில்வே இனி என்னை வேலையால நிப்பாட்டேலாது. பிழை விட்டது நாங்கள் ரெண்டு பேரும். அந்தப் பிள்ளையள் மூண்டும் ரோட்டுக்குப் போறதே? அடி."

ஸ்டேஷனுக்கு இருவரும் போனோம், தவறாக அடித்த டைப்பிஸ்ட் என்ற முறையில் நானும். அந்த மரியாதையான அதிகாரிதான் இருந்தார். கடிதத்தை வாசித்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி, வேம்பன் எழுதுகிற மாதிரி ஒரு பத்தி தமிழில் எழுதுங்கள் என்றார். மிஸ்டர் அம்பலவாணர் வேர்த்துக் கொட்டிக் கால் மணி நேரம் எழுதினார். நான்கு வரி வந்தது. நான் எட்டிப் பார்த்தேன். கிள்ளான் தோட்டத்து லயத்தைப் பற்றி அச்சு அசலாக யாழ்ப்பாணத்துப் பேச்சில் எழுதியிருந்தார்.

எழுத்து நடையை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தமிழ் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார்கள். நடுத்தர வயது மனிதர். ஒரு பக்கம் வேம்பனின் கட்டுரை, மறுபக்கம் இந்த நாலு வரி. இரண்டு தடவை வாசித்தார். மிஸ்டர் அம்பலவாணரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"ஒரே கைதான், துவான்" என்றார் அதிகாரியிடம்.

அதிகாரி கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். அப்புறம் கடிதத்தில் சீல் அடித்துக் கோப்பில் போட்டார். அவருக்கும் ஒரு பெயர் தேவைப்பட்டது, பெயர் கிடைத்துவிட்டது. வாசலில் அந்தக் கான்ஸ்டபிள் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே என்னிடம், "எங்க அக்கா வீடு அந்த லயத்துலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் பெயரைக் கேட்கவில்லையே என்று இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

லெட்சுமணனின் வேலை தப்பியது. கடிதத்தின் பிரதி சங்கத்துக்கும் வந்து சேர, செயற்குழு அவசரமாகக் கூடியது. தனக்குத் தானே விருது கொடுத்துக்கொண்ட மனிதரைப் பற்றிப் பத்துப் பேரும் பேசினார்கள். வேம்பனின் தமிழ் இவருக்கு வருமா என்று ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. கோபம் அவ்வளவு நன்றாக வந்திருந்தது. விருது மீட்டுக்கொள்ளப்பட்டது. செயலாளரைச் சங்கம் 'வன்மையாகக் கண்டிக்கிறது' என்று, விவாதமே இல்லாமல், ஏழு நிமிடத்தில் தீர்மானம் நிறைவேறியது. நான் குறிப்பெடுத்தேன். வாயைத் திறந்தால் லெட்சுமணன் மாட்டிக்கொள்வார், அதனால் திறக்கவில்லை. காரணம் சரிதான், ஆனாலும் அந்த ஏழு நிமிடம் என் நெஞ்சில் இன்னும் முள்ளாக இருக்கிறது. மிஸ்டர் அம்பலவாணர் சாவிக்கொத்தை என் மேசையில் வைத்துவிட்டு, "மினிட்ஸில ஒண்டும் விடாமல் போடு, பிள்ளை" என்று சொல்லிப் படியிறங்கினார்.

எட்டு மாதம் வேம்பன் எழுதவில்லை. அப்புறம் ஒரு சனிக்கிழமை, ஒரு தொழிற்சாலைப் பஸ்ஸைப் பற்றி எழுதினார். பேப்பரை எடுத்துக்கொண்டு நேராக மிஸ்டர் அம்பலவாணர் வீட்டுக்கு ஓடினேன். அவர் ஈசிச்சேரில் இருந்தார்.

"சார், மறுபடி எழுதிட்டாரு. நிறுத்தச் சொல்லட்டுமா?"

"ஏன் நிப்பாட்டவேணும்? எழுதினது நான்தானே" என்றார். "வாசி. கூப்பிட்டுக் கேட்டால் நான் என்ன எழுதினனான் எண்டு எனக்குத் தெரியவேணுமே."

அது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. வேம்பன் எழுதுகிற சனிக்கிழமைகளில் நான் போய் வாசிப்பேன். புரியாத சொல்லை நிறுத்திக் கேட்டுப் பென்சிலால் குறித்துக்கொள்வார். அவர் சாகிற வரைக்கும் ஆறு வருடம். நடுவில் இரண்டு தடவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு தடவையும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய், எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டு வந்தார்.

கடைசியாக நான் வாசித்த கட்டுரையில் ஒரு பெரிய மனிதரைப் பெயர் சொல்லியே வேம்பன் கேள்வி கேட்டிருந்தார். அந்த வரிக்கு வந்ததும் மிஸ்டர் அம்பலவாணர் கையைத் தூக்கினார்.

"பொறு, பொறு. இது கொஞ்சம் உறைப்பு. நான் இப்பிடி எழுதியிருக்கமாட்டன்."

நான் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் கண்ணை மூடி யோசித்தார்.

"சரி," என்றார். "எழுதிப்போட்டன். மிச்சத்தை வாசி."